மெல்லப் பேசிய பியானோ

இத்தாலியில் ஓர்சோ என்ற தச்சரின் பட்டறையில் பழைய இசைப்பெட்டி ஒன்று இருந்தது. கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் அதற்கு ஒரே அளவு சத்தம்தான். ஓர்சோவின் மனைவி நோயில் படுத்தபோது அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை.

ஓர்சோ, அந்தப் பெட்டியில் கம்பியைச் சுண்டிய முள்ளுக்குப் பதில், கம்பியைத் தட்டும் குட்டிச் சுத்தியல்கள் வைத்து ஒரு பியானோ செய்தார். மெல்ல வாசித்தார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"உன்னால் எப்படி இவ்வளவு தணிந்து பேச முடிகிறது?" என்று பியானோவைக் கேட்டது பழைய பெட்டி.

"அவர் விரல் எவ்வளவு மெல்லப் படுகிறதோ, என் குரலும் அவ்வளவுதான் அக்கா. உங்களுக்கு என்மேல் கோபமா?"

"இருந்தது. சுத்தியல் சுத்தியலாகச் செதுக்கி, சரிவரவில்லை என்று தூக்கி எறிந்தாரே, அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அதெல்லாம் போகட்டும். ஐந்து மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் சிரிக்கிறாள். நீ நிறுத்தாதே."