மக்கர் பண்ணும் கார்புரேட்டர்

தெருமுனை வரை போன வண்டி இன்றைக்கும் நின்றுவிட்டது. கணவர் அதைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

"என்ன, உங்க ராஜாவுக்கு இன்னிக்கும் உடம்பு சரியில்லையா?" என்றாள் மனைவி.

"கார்புரேட்டர்ல ஏதோ அடைப்பு. என்னை ஆபீஸ்ல இறக்கி விட்டுடேன்."

எதிர்வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்க மாட்டாரா? "கார்புரேட்டர் வண்டிதான் வண்டி, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எல்லாம் பொம்மை" என்று தெருவுக்கே பாடம் எடுத்த அவள் கணவர், ஒரு மாதமாகப் பெண்டாட்டியின் பொம்மையில்தான் பின்னால் உட்கார்ந்து போகிறார்.

இரண்டு பைக்கும் ஒரே கம்பெனி, அந்தக் காலத்து வண்டி மாதிரியே தோற்றம். அவருடையது பழசு. அவளுடையது புதுசு, பட்டனைத் தொட்டால் போதும். வாங்கிய வாரமே சிக்னலில் ஒரு லாரிக்காரன் அடித்த ஹாரனில் அவள் வண்டியோடு சாய்ந்தாள். இனி தொடவே மாட்டேன் என்று போர்வை போட்டு மூடினாள். இந்த மனுஷன் வண்டி படுத்துத் தொலைத்ததால் மறுபடி வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

"இந்த ஞாயித்துக்கிழமை அந்த ஓட்டையை வித்துடப் போறேன், ஆமா!" வழியெல்லாம் திட்டினாள். திட்டுகிற வேகத்தில் ஒரு லாரியை முந்தியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"வித்துடு" என்றார் பின்னாலிருந்து. சிரித்த மாதிரி இருந்தது.

அவள் சும்மா சொல்லவில்லை. ஞாயிறன்று அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தம்பியை வரவழைத்தாள். வாங்க ஆளும் பார்த்து வைத்திருந்தான் அவன்.

தம்பி குனிந்து டேங்குக்கு அடியில் எதையோ திருகினான். ஒரே உதை. வண்டி கணீரென்று கிளம்பியது.

"அக்கா, பெட்ரோல் டேப் மூடியிருக்கு! கார்புரேட்டருக்குள்ள மிச்சம் இருக்கறதுல தெருமுனை வரைக்கும் ஓடும், அப்புறம் நின்னுடும். உன் வண்டியில டேப்பே கிடையாது, அதான் உனக்குத் தெரியல."

"மறந்திருப்பாரோ?"

"மாமாவா? எனக்கே அவர்தானே சொல்லிக் குடுத்தார்!"

அவளுக்கு அந்தச் சிக்னல் ஞாபகம் வந்தது. போர்வை ஞாபகம் வந்தது. 'பயப்படாதே' என்று ஒரு வார்த்தை சொல்லாமல், தன் செல்லக் கார்புரேட்டரைத் தெருவே கேலி பண்ண விட்டுவிட்டு, தினமும் பின்னால் ஏறி உட்கார்ந்த மனுஷன்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

"வாங்கறவரை வரச் சொல்லட்டுமா அக்கா?"

"உதை வாங்குவே! டேப்பை முன்ன மாதிரியே மூடி வை."

திங்கட்கிழமை காலை அவர் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே சொன்னார்:

"இன்னிக்கு என் வண்டி ஓடிடும்னு தோணுது. நீ தனியாப் போயிடுவே இல்ல?"

"ஓ, போயிடுவேனே!" என்று வாசலுக்கு வந்தாள்.

அவர் வண்டியைக் குனிந்து பார்த்தாள். டேப் திறந்திருந்தது.

சத்தமில்லாமல் மூடினாள்.