மங்களத்தின் ஒரே பிரதி

வாங்குகிறவருக்கென்றே புதுக் கதை எழுதி, பொன்விளிம்பும் வண்ணச் சித்திரங்களுமாக ஒரே ஒரு பிரதி அச்சிட்டுத் தரும் காலம் அது. ஜவுளிக்கடை வயிரவனின் அலமாரி முழுக்க அப்படிப்பட்ட புத்தகங்கள்தான். நேற்று படித்து முடித்த கதையில் படகோட்டும் மங்களம் செத்துப்போனாள். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அவளைப் பற்றி யாரிடமாவது பேசியாக வேண்டும். பதிப்பகத்துக்கே போய்விட்டார்.

"இதுல இன்னொரு பிரதி போடும்மா."

"உங்க பிரதிக்கு விலை படுத்துடுமே அண்ணாச்சி," என்றாள் விற்பனைப் பெண் செண்பகா.

"படுக்கட்டும். படிக்கிறவங்களுக்கு இனாமாவே கொடு."

"அடுத்தவங்க கதையை இப்ப யாரு படிக்கிறா?"

"நீ படியேன்."

"என் கதையே வீட்டுல பாதியில கிடக்கு அண்ணாச்சி."

கல்லாவில் உட்கார்ந்து ஒருநாளும் விலை குறைக்காத மனிதர் இறங்கி வந்தார்.

"முழுசா வேண்டாம் தாயி. மங்களம் சாகுற பக்கம் மட்டும்?"