இழுங்க, விடுங்க

செல்வினின் நெஞ்சில் பதித்திருந்த கருவிதான் பல வருடங்களாக அவன் ரத்தத்தில் ஏறும் அமிலத்தை அளந்து, அதற்கேற்ப அவனை மூச்சுவிட வைத்துக்கொண்டிருந்தது. அன்று மதியம் அதைச் செய்த நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது: கருவியை நிறுத்திப் பழுது பார்க்கிறோம், மாலைவரை நீங்களே மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். குழம்பு ஊற்ற வந்த மனைவி ஜெபமலர், அவன் உதடுகள் நீலம் பாரித்திருப்பதைக் கண்டு கரண்டியைப் போட்டுவிட்டு அவனை உலுக்கினாள்.

"என்னங்க, மூச்சு விடுங்க."

"விடலையா? எனக்கு ஒண்ணும் முட்டலயே," என்றான் குழறலாக.

அதுதான் அவளை நடுங்க வைத்தது. அமிலம் ஏறினால் மூச்சு முட்ட வேண்டும். அந்தத் தவிப்பையே அவன் உடம்பு மறந்துவிட்டிருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, "இழுங்க... விடுங்க" என்று சொல்லத் தொடங்கினாள். தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்க எழவும் பயந்தாள்.

பொழுது சாயும்போது கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. அவன் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. ஜெபமலர் சொல்வதை நிறுத்திவிட்டு எழுந்தாள். செல்வின் அவள் கையை எட்டிப் பிடித்தான்.

"நிறுத்தாத மலர். சொல்லிட்டே இரு."