மாற்று ஓட்டுநர்

மார்ச் பதினொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு, பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில், மூத்த ஓட்டுநர் ஒருவர் தன் மனைவியின் தம்பியுடைய முன்பல்லை உடைத்தார். அவனும் அங்கே ஓட்டுநர்தான்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா!"

"நான் என்ன மாமா பண்ணேன்? அக்கா மேல சத்தியமா, யார்கிட்டயும் மூச்சு விடல!"

"அவ பேரை இழுக்காதே!" சட்டையைப் பிடித்து அவனை இரும்பு அலமாரியில் மோதினார். அலமாரிக் கதவில் ரத்தம் தெறித்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மேலாளர் இருவரையும் பிரித்துவிட்டார். "ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்கு அவன் என்னய்யா பண்ணுவான்? தூங்கும்போது மணிக்கு நாப்பது தடவை உமக்கு மூச்சு நிக்குதாம். பகல்ல ஸ்டியரிங்லயே கண்ணு சொருகிடுமாம். வைத்தியம் முடியற வரைக்கும் ஆபீஸ்ல உக்காரும். சாவியைக் கொடும்."

கொடுத்தார். மேலாளர் அதை அப்படியே மைத்துனனிடம் நீட்டினார்.

"வேற ஆள் இல்லப்பா. வாயைக் கழுவிட்டு நீ வண்டியை எடு."

"சார், இவன் ஓட்டக்கூடாது!" என்று கத்தினார் மூத்தவர்.

"ஏன்?"

மைத்துனன் கண்ணாலேயே கெஞ்சினான். உண்மையைச் சொன்னால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தன் குறட்டைக்குப் பயந்து, ஒல்லியானவனுக்கு இந்த வியாதி வராது என்று நம்பி, அந்தத் தூக்கப் பரிசோதனைக்குத் தன் பெயரில் மைத்துனனைத்தான் அவர் படுக்க அனுப்பியிருந்தார்.

நான்கரை மணிக்கு நாற்பத்தாறு பயணிகளுடன் பேருந்து கிளம்பியது.