மிச்சம் ஒரு பூட்டு

“கட்டரை எடுத்துட்டு வாங்கய்யா! பூட்டை வெட்டித் தள்ளிட்டு சுவிட்சைப் போடுவோம்” என்று கத்தினார் மேனேஜர்.

“பூட்டு மேல யாரும் கை வைக்கக் கூடாது” என்றாள் போர்மேன் அக்கா. மெயின் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம். மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல்கள். பதினோரு மணிக்குப் பழைய கட்டடத்திலிருந்து நோயாளிகளைக் கொண்டுவரப் போகிறார்கள். அதற்குள் கரண்ட் வந்தாக வேண்டும்.

அந்த சைட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேலே வேலை இருக்கிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அவரே வந்து திறக்க வேண்டும். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் சுவிட்ச் அசையும். இப்போது எல்லாம் கழன்றாயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் அடம்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

“முப்பத்தோரு பேரையும் நானே எண்ணிட்டேன்க்கா. எல்லாரும் கீழதான் நிக்கிறாங்க. எவனோ சாவியைத் தொலைச்சுட்டுத் திருதிருன்னு முழிக்கிறான்.”

“பூட்டு தொங்குதுன்னா ஒருத்தரோட வேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம், சார்.”

“பூட்டுல பேரு எழுதின அட்டைகூட இல்லையேக்கா!”

“அட்டை இல்லைன்னா ஆள் இல்லைன்னு ஆயிடுமா?”

மேனேஜருக்குச் சுருக்கென்றது. தப்பித்தவறி மேலே ஒருத்தன் இருந்துவிட்டால் அவன் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? அதோடு, இந்த அக்காவிடம் மல்லுக்கு நின்று ஜெயித்தவர் அந்த சைட்டில் யாருமில்லை.

“சரி, என்னதான் பண்ணச் சொல்றீங்க?”

“எல்லாரும் மறுபடி மேல போகட்டும். பேனலுக்கு அடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, கேபிள் போற வழி பூரா ஒரு இடம் விடாம பார்க்கட்டும்.”

போகிறவர்கள் சும்மா போவார்களா? அவரவர் பூட்டை மாட்டிவிட்டே ஏறினார்கள். ஒன்றைக் கழற்ற வழி கேட்டால் அது முப்பத்திரண்டாகிவிட்டதே என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் வெல்டர் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

“மேல ஒரு ஆளும் இல்லை சார். ஆனா தொட்டிக்குப் பின்னாடி கேபிள் தோல் கிழிஞ்சு, செம்பு இரும்பு ஏணியில படுது. சுவிட்சைப் போட்டிருந்தா, ஏணியைத் தொட்டவன் கதி அதோகதிதான்!”

“உடனே அந்தக் கேபிளை மாத்துங்கய்யா!” என்றார் மேனேஜர்.

கேபிளை மாற்றிச் சோதித்துவிட்டு எல்லோரும் இறங்கி வந்தார்கள். முப்பத்தோரு பூட்டும் கழன்றன. மணி பத்து ஐம்பது. அந்த ஒற்றைப் பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது.

“இது யாரோடதுன்னு கடைசி வரைக்கும் தெரியலையேக்கா” என்றார் மேனேஜர், அழாக்குறையாக.

அவள் இடுப்புப் பையிலிருந்து சாவியை எடுத்து நிதானமாகப் பூட்டைத் திறந்தாள்.

“மேல ஒரு தடவை சுத்திப் பார்க்கணும், அரை மணி நேரம் குடுங்கன்னு காலையில இருந்து கெஞ்சினேன், நேரமில்லைன்னுட்டீங்க. எல்லாரையும் எண்ணினீங்களே சார், எதிர்ல நின்ன என்னை எண்ணினீங்களா?”