பேட்டரி பேச்சு வேண்டாம்

“பேட்டரி கடைசி மூச்சு விட்டுட்டிருக்கு சார். மாத்தணும்னா ஒரு புது சின்னக் கார் வாங்குற காசு ஆகும்,” என்றார் சர்வீஸ் மேனேஜர்.

காண்ட்ராக்டர் தன் எஸ்யூவியை நேராகப் புரோக்கரிடம் ஓட்டிப் போனார்.

“கரண்ட்லயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும். அத மட்டும் சொல்லுங்க. பேட்டரி பேச்சே வேண்டாம்.”

“வாங்குறவன் சண்டைக்கு வந்தா?”

“அது அவன் தலையெழுத்து. எவன் தலையிலயாவது கட்டிடுங்க.”

புரோக்கர் எச்சரிக்கை விளக்கை அணைத்து, முழுச் சார்ஜ் ஏற்றி நிறுத்தினார். வாரம் முடிவதற்குள் பணம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதே வண்டி சத்தமில்லாமல் வாசலில் வந்து நின்றது. வாங்கியவன் சண்டைக்குத்தான் வந்துவிட்டான் என்று காண்ட்ராக்டர் பின்கதவுப் பக்கம் நழுவினார்.

இறங்கியது மகளும் மாப்பிள்ளையும்.

“புரோக்கர்கிட்ட நின்னுச்சு மாமா. நீங்க ஆசையா வச்சிருந்த வண்டி, வெளியாளுக்குப் போக மனசு வரல. வீடு வாங்கச் சேத்து வச்சதைப் போட்டு எடுத்துட்டேன்.”

காண்ட்ராக்டர் வாசலுக்குத் திரும்பி வந்தார். “மெக்கானிக்க விட்டுப் பாத்தீங்களா மாப்பிள்ளை?”

மகள் சிரித்தாள்.

“இவர் பாக்கணும்னுதான் சொன்னார்ப்பா. நான்தான் விடல. எங்கப்பா வண்டிக்கு மெக்கானிக் எதுக்குன்னு சண்டையே போட்டேன்.”