எஸ்பதான்யா கட்டு

"அவிழ்த்துக் காட்டுங்க, தோன் திபுர்சியோ! இல்லன்னா ஊருக்குள்ள கால் வைக்க விடமாட்டேன்."

ஊர் எல்லையில், எங்களோடு மலையேறி வந்த நிக்காந்த்ரோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழிமறித்தான். அவன் முதுகிலும் எங்கள் எல்லோர் முதுகிலும் எஸ்பதான்யா இலைக்கட்டு. மலையிலிருந்து நடந்து வந்ததில் கால் கழன்றுவிடும் போலிருந்தது. ஊருக்குள் மேளம் தொடங்கிவிட்டது.

நாங்கள் மரியாதையாகத் தோன் போட்டுக் கூப்பிடும் திபுர்சியோதான் எங்கள் யாத்திரைத் தலைவர். வருஷா வருஷம் சிலுவைத் திருநாளுக்கு மலையேறி இலை வெட்டி வந்து சிலுவையை ஜோடிப்போம். எஸ்பதான்யா பார்க்க ஈச்சை மாதிரி இருந்தாலும் சைக்கஸ் ஜாதி. ஒரு முழம் வளர ஒரு மனுஷ ஆயுசு பிடிக்கும். மிச்சமிருப்பதே கொஞ்சம். அதனால் ஆளுக்கு ஒரு கைப்பிடி இலைதான் என்று தலைவரே சட்டம் போட்டிருந்தார். மீறினால் அப்புறம் யாத்திரையில் இடம் கிடையாது.

ஊர்க்காரர்களுக்கோ கட்டு பருமனாக இருக்க வேண்டும். மெலிந்த கட்டோடு வந்தால், "மலையேறினியா, மாமியார் வீட்டுக்குப் போனியா?" என்று மானத்தை வாங்கிவிடுவார்கள்.

"கைப்பிடி இலைக்கு இவ்வளவு பெரிய கட்டா?" நிக்காந்த்ரோ கத்தினான். "மலையை மொட்டையடிச்சிட்டு எங்களுக்கு உபதேசம் வேற!"

"வெயில்ல வந்ததுல இலை கொஞ்சம் உப்பியிருக்கும், கூட்டாளி."

"உப்புறதுக்கு அது என்ன கல்லுல போட்ட தோர்த்தியா ரொட்டியா?"

திபுர்சியோவுக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த யாத்திரைதான் அவருக்கு உயிர். அது போனால் மனுஷன் படுத்தே விடுவார். பாவமாக இருந்தது. ஆனாலும் ஆளாளுக்கு முதுகைச் எல்லைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டோம்.

சத்தம் கேட்டு ஊர்ப் பெரியம்மா தோன்யா அம்பாரோ வந்துவிட்டார். சிலுவையை ஜோடிப்பது அவர்தான். வந்த வேகத்தில் தலைவரின் கட்டைப் பிரித்தே போட்டார்.

சுற்றிலும் ஒரு வரிசை எஸ்பதான்யா. உள்ளே முழுக்கத் தென்னை ஓலை!

"அடப்பாவி மனுஷா! சிலுவைக்கே ஏமாத்து வேலையா?" நிக்காந்த்ரோ துள்ளினான்.

தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மெலிஞ்ச கட்டா கொண்டுவந்தா, பத்தலைன்னு மறுநாளே இன்னொரு கூட்டத்தை மலைக்கு அனுப்புவீங்க. செடி தாங்காது, தோன்யா. அதான் இப்படிப் பண்ணிட்டேன். என்னை நீக்கிடுங்க."

"உங்களை நீக்கினா எல்லாரையும்தான் நீக்கணும்." அம்பாரோ எங்களைப் பார்த்தார். "என்னப்பா, வர்ற வழியில தென்னந்தோப்புல உங்களுக்கெல்லாம் வயிறு கலக்குச்சா?"

தூக்கிவாரிப் போட்டது. தின்ன தமாலே கெட்டுப்போச்சு என்று சொல்லி ஒவ்வொருத்தராகத் தோப்புக்குள் ஒதுங்கி ஓலை வெட்டியவர்கள்தான் நாங்கள். ஒருத்தன் செய்வது இன்னொருத்தனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம். நானும்தான்.

"அசல் இலை முள்ளு. முன்னெல்லாம் ஜோடிச்சு முடிக்கிறதுக்குள்ள என் கை ரத்தக்களறியாயிடும். இப்ப சில வருஷமா ஒண்ணு ரெண்டு கீறலோட சரி. எனக்குத் தெரியாதாக்கும்? ஓலையைப் பின்னால சொருகிட்டு அசலை முன்னால வைப்பேன். சிலுவை ஒண்ணும் கோவிச்சுக்கல. மலையும் பச்சையா இருக்கு."

ஒருத்தன் முதுகை இன்னொருத்தன் பார்த்துச் சிரித்தோம். திபுர்சியோ சத்தமாக மூக்கைச் சிந்தினார்.

நிக்காந்த்ரோ மட்டும் சிரிக்கவில்லை. "சரி சரி, மேளம் ஓயப்போகுது, நடங்க" என்று முன்னால் நழுவினான்.

"இருப்பா, உன்னோடதையும் பார்த்துடுவோம்" என்று அவன் கட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டார் அம்பாரோ.

"ஐயோ மாதாவே! உள்ளெல்லாம் அசல் முள்ளா குத்துதே!"